புறப்பாட்டுக் கையெழுத்து

காஜாக்காரி செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். போன் பண்ணினாள்.

அன்று காலை ஏழு மணிக்கு வழக்கம்போலப் பின்கதவைத் திறந்து, புருஷனைச் சக்கர நாற்காலியோடு தோட்டத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள். தோட்டம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பப்பாளி மரம், ஒரு குழாய், நாலு மிளகாய்ச் செடி, துணி காயப்போடுகிற கம்பி. அவ்வளவுதான். பப்பாளி மரத்தை ஒட்டி நாற்காலியை நிறுத்தினால், சுவரைத் தாண்டி வரும் வெயில் முதலில் அவருடைய தலையில் விழும். பிறகு நெஞ்சுக்கு இறங்கும். ஒன்பது மணிக்கு முழங்காலுக்கு வரும். முழங்காலுக்கு வந்ததும் உள்ளே கொண்டுபோய்விடுவாள்.

அவர் பஸ் கண்டக்டராக இருந்தவர். எட்டு மாதத்துக்கு முன்னால், ஓடுகிற பஸ்ஸில், மீதிச் சில்லறையை நீட்டிய கை நீட்டியபடியே இருக்க, வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் அத்தோடு போனது. சட்டைகளுக்குப் பட்டன் துளை தைக்கிற அவளைக் காஜாக்காரி என்பது போல, அவரைத் தெருவில் இன்னமும் கண்டக்டர் என்றுதான் சொல்கிறார்கள். வீட்டுக்குள் இருந்தால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார், வாயைத் திறக்க மாட்டார். தோட்டத்தில், அந்த வெயிலில் வைத்துத்தான் அவளால் அவருக்கு நாலு வாய் சோறு ஊட்ட முடியும். வீட்டுக்குள் கெஞ்சியும் பார்த்தாயிற்று, திட்டியும் பார்த்தாயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார்.

வாசல் பக்கம் ஐந்து படி. கதவும் ஒடுக்கம், நாற்காலி நுழையாது. பக்கத்து டயர்கடைக்காரர்தான் கொத்தனாரைக் கூட்டிவந்து பின்கதவை உடைத்து அகலமாக்கி, சிமெண்டில் ஒரு சரிவும் போட்டுக் கொடுத்தார். அந்த வீட்டிலிருந்து கண்டக்டருக்கு வெளியுலகம் என்று இருந்தது அந்தச் சரிவு மட்டும்தான்.

அன்றைக்குக் குழாயடியில் ஒரு முள்ளம்பன்றி படுத்திருந்தது.

அது பெரியதும் இல்லை, சின்னதும் இல்லை. இவர்களைப் பார்த்து முள்ளைச் சிலிர்க்கவும் இல்லை. ராத்திரி முழுக்க எங்கேயோ அலைந்துவிட்டு, நடந்து களைத்த ஆள் மாதிரி ஈரத் தரையில் வயிற்றைப் போட்டுக்கொண்டு மூச்சு வாங்கியது. கண்டக்டர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து அதையே பார்த்தார். எட்டு மாதத்தில் அவர் ஒன்றைக் கண்ணெடுக்காமல் பார்த்தது அன்றுதான்.

காஜாக்காரி போட்ட சத்தம் கேட்டு டயர்கடைக்காரர் சுவருக்கு மேலே தலையை நீட்டினார்.

"தங்கச்சி, இதுக்குப் போய் முழிக்கிறியே! பின்சந்துக் கதவைத் திறந்து வை. வெயில் ஏறினா தன்னால போயிடும். நம்ம கடைப் பக்கம் வாரத்துக்கு ஒண்ணு வருது. நான் குட்மார்னிங்கூடச் சொல்றதில்லை."

அவர் சொன்னதைக் கேட்டிருக்கலாம். ஆனால் காஜாக்காரி எழுதி வைத்ததற்குக் கட்டுப்படுகிறவள். கண்டக்டர் பெண்டாட்டி ஓசியில் போனாள் என்று ஒரு வாய் பேசிவிடக் கூடாது என்பதற்காக, புருஷன் வேலை பார்த்த பஸ்ஸிலேயே டிக்கெட் வாங்கிப் போனவள். கரண்டு பில் கட்டப் போனபோது வரிசையில் நின்று படிக்க வேறொன்றும் இல்லாமல் சுவரில் இருந்ததைப் படித்திருந்தாள். 'வனவிலங்கு வீட்டுக்கு வந்தால் தெரிவிப்பது குடிமக்களின் கடமை.' கீழே ஒரு நம்பர். அந்த நம்பரை அவள் கணவனின் மாத்திரைச் சீட்டுக்குப் பின்னால் குறித்து வைத்திருந்தாள்.

போன் பண்ணினாள்.

ஒன்றரை மணி நேரத்தில் ஆள் வந்துவிட்டார். அதுவே அவளுக்குப் பெரிய ஆச்சரியம். காக்கிச் சட்டை, கையில் அட்டை வைத்த தாள், காதில் ஒரு பேனா, சட்டைப் பையில் இன்னொரு பேனா. சரிவில் இறங்கி வந்து, குழாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன விலங்கும்மா?"

"முள்ளம்பன்றி சார். அதோ, உங்களுக்குப் பின்னாடி, குழாய்கிட்ட."

அவர் திரும்பவில்லை. திரும்பாமல் இருப்பதற்கு அவர் படும் பாடு கழுத்து நரம்பில் தெரிந்தது.

"நான் பார்க்கக் கூடாதும்மா. நான் வருகைப் பிரிவு. கேட்டு எழுதுறதுதான் என் வேலை. பார்க்கிறது இருப்புப் பிரிவு."

"ஒரு தடவை திரும்பிப் பார்த்தா என்ன சார் ஆயிடும்?"

"போன வருஷம் எங்க ஆள் ஒருத்தர் பார்த்துட்டாரு. மரநாய். வேணும்னுகூட இல்ல, தும்மல் வந்து திரும்பியிருக்காரு. இன்னும் சஸ்பென்ஷன்ல இருக்காரு." அவர் பேனாவை உதறிக்கொண்டார். "பார்க்கிறவன் கேட்டா, கேட்டதைப் பார்த்ததா எழுதிடுவான். கேக்கிறவன் பார்த்தா, பார்த்ததைக் கேட்டதா எழுதிடுவான். அதனாலதான் தனித்தனியாப் பிரிச்சு வச்சிருக்கு. சொல்லுங்க. எத்தனை மணிக்கு வந்துச்சு? தானா வந்துச்சா, யாராவது கொண்டு வந்தாங்களா?"

அவள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். மூன்று பிரதி. நடுவில் கார்பன் தாள். 'நடத்தை' என்ற கட்டத்துக்கு வந்தபோது முள்ளம்பன்றி எழுந்து உடம்பை ஒரு உதறு உதறியது. கலகலவென்று சத்தம் கேட்டது. பிறகு அவருடைய இரண்டு பூட்ஸுக்கும் பக்கத்தில் நிதானமாக நடந்து வந்தது. அவர் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், பஸ்ஸில் இறங்குகிற ஆளுக்கு விடுவது போல ஒதுங்கி வழிவிட்டார். அது பின்சந்துக் கதவின் அடியில் இருந்த இடுக்கில் தலையைக் கொடுத்து, முள்ளை மடக்கி, வெளியே போய்விட்டது.

"சார், போயிடுச்சு."

"எது?"

"முள்ளம்பன்றி. இப்பதான். உங்க காலை உரசிக்கிட்டு."

"போறது வேற பிரிவும்மா," என்றார் அவர். "புறப்பாட்டுப் பிரிவு. அவங்க எழுதணும்னா முதல்ல இருப்பு உறுதியாகணும். இப்போதைக்கு உங்க தோட்டத்துல ஒரு விலங்கு இருக்கு. இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்க."

போட்டாள். மூன்று பிரதியிலும் போட்டாள்.

அவர் போகும்போது இருவரையும் உள்ளே போகச் சொல்லி, பின்கதவைச் சாத்தி, தாழ்ப்பாளின் மேல் ஒரு நாடாவை ஒட்டி, அரக்கு வைத்தார். பக்கத்தில் ஒரு தாளையும் ஒட்டினார். 'தற்காலிக வனவிலங்கு வாழிடம். இருப்பும் புறப்பாடும் சான்றளிக்கப்படும்வரை நுழைவதும் தொந்தரவு செய்வதும் தண்டனைக்குரியது.' அப்போது வெயில் கண்டக்டரின் நெஞ்சுக்குத்தான் இறங்கியிருந்தது. ஒருவாய்ச் சோறுதான் உள்ளே போயிருந்தது.

"எத்தனை நாளைக்கு சார்?" என்று கேட்டாள்.

"நாள் கணக்கு எங்ககிட்ட இல்லம்மா," என்றார் அவர். உண்மையிலேயே வருத்தமாகச் சொன்னார்.

அந்த முள்ளம்பன்றி உதறியபோது ஒரு முள் விழுந்திருந்தது. கதவைச் சாத்துவதற்கு முன்னால் காஜாக்காரி அதைக் குனிந்து எடுத்துக் கண்டக்டரின் இடது கையில் கொடுத்திருந்தாள். கருப்பும் வெள்ளையுமாக ஒரு சாண் நீளம். அவர் அதைப் பிடித்துக்கொண்டார். தூங்கும்போதும் விடவில்லை.

இருப்புப் பிரிவிலிருந்து நாலாம் நாள் ஓர் அம்மாள் வந்தார். கழுத்தில் பைனாகுலர், கையில் குடை. பின்சந்து வழியாகத் தோட்டத்துக்குள் போய் ஒரு மணி நேரம் மிளகாய்ச் செடிகளைப் பைனாகுலரில் பார்த்தார். அப்புறம் வாசல் வழியாக வீட்டுக்குள் வந்தார். அவர் பார்க்கிற அதிகாரி என்பதால் காஜாக்காரி என்ன சொன்னாலும் காதில் வாங்கவில்லை. "அது போயிடுச்சு மேடம்" என்று மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் அவர் உதட்டில் விரலை வைத்தார்.

அப்புறம் அவர் கண்ணில் கண்டக்டரின் கை பட்டது.

"இது என்ன?"

"அன்னைக்கு விழுந்தது மேடம். சும்மா கையில கொடுத்தேன்."

இந்த முறை கேள்வியைக் கேட்டது அவரே என்பதால் பதிலை மட்டும் கேட்டுக்கொண்டார் போலிருக்கிறது. முகம் மலர்ந்துவிட்டது.

"இது விலங்கோட பாகம். பாகம் இருந்தா விலங்கு இருக்கு. இருப்பு உறுதி. நான் வெறுங்கையோட போகணுமோன்னு நினைச்சேன்."

"மேடம், அது போயிடுச்சு."

"முழுசாப் போகலையேம்மா," என்றார் அந்த அம்மாள்.

பையிலிருந்து ஒரு கண்ணாடிக் குழாயும் நூல் கட்டிய அட்டையும் எடுத்தார். முள்ளை வாங்குவதற்குக் கையை நீட்டினார். கண்டக்டர் கொடுக்கவில்லை. அவருடைய உடம்பில் மிச்சமிருந்த பலமெல்லாம் அந்த ஐந்து விரலில் இருந்தது. அந்த அம்மாள் அவசரப்படவில்லை, குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கால் மணி ஆயிற்று. அரை மணி ஆயிற்று. கடைசியில் காஜாக்காரிதான் புருஷன் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, சுண்டுவிரலில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார்.

"ஒத்துழைப்புக்கு நன்றி," என்று எழுதிய ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டு அந்த அம்மாள் போனார். அன்று சாயங்காலமே அந்த முள்ளுக்கு ஒரு எண் கொடுத்துவிட்டதாகப் பிறகு தெரிந்தது.

மறுநாள் தோட்டத்தில் ஒரு காவலர் வந்து உட்கார்ந்தார். ஒரு மடக்கு நாற்காலி, ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு பதிவேடு. தோட்டத்தில் வெயில் வருகிற இடம் ஒன்றுதான். அவர் அங்கேதான் நாற்காலியைப் போட்டார். காலையில் வெயில் அவர் தலையில் விழுந்து, நெஞ்சுக்கு இறங்கி, ஒன்பது மணிக்கு முழங்காலுக்கு வந்தது. காஜாக்காரி அடுப்படி ஜன்னல் கம்பி வழியாக அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஜன்னல் உயரம். கண்டக்டருக்கு எட்டாது.

"என்னண்ணே எழுதுறீங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

காவலர் வெள்ளந்தியான மனிதர். பதிவேட்டைத் தூக்கியே காட்டினார். பக்கம் பக்கமாக, மணிக்கு ஒரு வரி. 'விலங்கு தெரியவில்லை. இருக்கிறது.' 'விலங்கு தெரியவில்லை. இருக்கிறது.'

"இல்லாததை இருக்குன்னு எழுதுறது கஷ்டமா இல்லையா?"

"பழகிடும்மா. இதுக்கு முன்னாடி ஏழு வருஷம் ஒரு குளத்தைக் காத்தேன். மூணாம் வருஷமே வத்திப்போச்சு. வத்தினதைப் பார்க்க ஆள் வரலை. மீதி நாலு வருஷமும் 'நீர்மட்டம் இயல்பு'ன்னுதான் எழுதினேன். நீச்சல் தெரியுமான்னு கேட்டுத்தான் என்னை அங்கே போட்டாங்க." அவர் கொஞ்சம் யோசித்தார். "இது பரவாயில்லை. குழாய்ல தண்ணி சொட்டுது."

"அந்த வெயில்ல எங்க வீட்டுக்காரர் உட்காருவாரு அண்ணே. அங்கே உட்கார்ந்தாத்தான் சாப்பிடுவாரு."

"வேணும்னா நான் தள்ளி உட்காரட்டுமா?"

"நீங்க தள்ளி உட்கார்ந்தா அவர் வர முடியுமா?"

"முடியாது," என்றார் காவலர். ஆனாலும் ஒரு அடி தள்ளிப் போட்டுக்கொண்டார்.

காஜாக்காரி வேலையில் குறை வைக்கவில்லை. தையல் கடைகளிலிருந்து சட்டைக் கட்டு வரும். கிழித்து வைத்த துளையைச் சுற்றி நெருக்கமாக முடிச்சுப் போட்டுக்கொண்டே வர வேண்டும். சட்டைக்கு எட்டுத் துளை. அதைப் போடும்போது மனசு வேறெங்கேயும் போகாது என்பார்கள். அவள் மனசு எங்கேயும் இல்லை. ஊசி குத்தினால் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் குத்தியது தெரிந்தது. வெள்ளைத் துணியில் படாமல் விரலை வாயில் வைத்துக்கொண்டு அடுத்த துளைக்குப் போனாள்.

மூடிய பின்கதவை ஒட்டி நாற்காலியைப் போட்டுப் பார்த்தாள். கதவுக்கு அடியில் ஒரு விரற்கடை வெளிச்சம் வரும். கண்டக்டர் அதைப் பார்ப்பார். ஸ்பூனைக் கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொள்வார். பால் மட்டும், அதுவும் தூக்கக் கலக்கத்தில், இறங்கியது. எட்டாம் நாள் அவருக்குச் சட்டை போட்டுக் கழுத்துப் பட்டனை மாட்டியபோது, காலருக்கும் கழுத்துக்கும் நடுவே அவளுடைய நாலு விரல் போயிற்று. போன மாதம்வரை இரண்டு விரல்தான் போகும். சட்டையைத் தைத்தது யார் என்று அவளுக்குத் தெரியும், அளவு தப்பாது.

அன்றைக்கே, டயர்கடைக்காரரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, வனவிலங்குத் துறையின் அலுவலகத்துக்குப் போனாள். புறப்பாட்டுப் பிரிவு மாடியில் இருந்தது. பிரிவுக்கு இயக்குநரே இருந்தார். மேசை மேல் ஒரு தாளும் இல்லை. எந்த விலங்கும் அதுவரை புறப்படவில்லை என்பதால் வேலை குறைவாம்.

"போச்சுன்னு யாரு பார்த்தது?" என்றார் இயக்குநர்.

"நான் பார்த்தேன் சார். என் வீட்டுக்காரரும் பார்த்தாரு."

"அவர் எந்தத் துறை?"

"கண்டக்டர் சார். இப்ப உடம்பு முடியாம இருக்காரு."

"பார்க்கிறதுங்கிறது ஒரு பதவிம்மா. கண்ணு இருக்கிறவங்க எல்லாம் பார்த்துட முடியாது. அப்படிப் பார்த்தா நாங்க எதுக்கு?" அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். கோபமே இல்லாத குரல். "எங்க துறை ஆரம்பிச்சு இருபத்தாறு வருஷம் ஆச்சு. எங்க கையெழுத்து இல்லாம ஒரு விலங்குகூட எங்கேயிருந்தும் போனதில்லை. அனுமதி இல்லாமப் போனா, அது வந்ததாவே நாங்க எடுத்துக்கிறதில்லை."

"அப்ப இது வரவே இல்லைன்னு எழுதிடுங்க சார்."

"எப்படி எழுத முடியும்? வந்ததுக்கு உங்க கையெழுத்து இருக்கே. மூணு பிரதியில."

"சார், அவர் சாப்பிட மாட்டேங்கிறாரு. தோட்டத்துக்குப் போனாத்தான் சாப்பிடுவாரு. சட்டைக் காலருக்குள்ள நாலு விரல் போகுது."

இயக்குநர் உண்மையிலேயே கவலைப்பட்டார். மேசையில் இருந்த மணியை அடிக்கக்கூடப் போனார். அப்புறம் யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் கையை எடுத்துக்கொண்டார்.

"நீங்க ஒண்ணு பண்ணுங்க. அந்த விலங்கைத் திரும்ப வரச் சொல்லுங்க. வந்து, எங்க கண்ணு முன்னாடி ஒரு தடவை போயிட்டா, அன்னைக்கே கதவைத் திறந்துடலாம்."

அவள் அப்படியே நின்றுகொண்டிருந்ததைப் பார்த்து இயக்குநருக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல மனிதர்களுக்கு யோசனை வந்தால் யாராலும் தடுக்க முடியாது.

பதினோராம் நாள் பின்சந்தில் ஒரு ஜீப் வந்து நின்றது. ஜீப்பில் ஒரு கூண்டு. கூண்டில் ஒரு முள்ளம்பன்றி. துறையின் பராமரிப்பு மையத்திலிருந்து கையெழுத்துப் போட்டுக் கடனாக வாங்கி வந்தது. தோட்டத்தில் எட்டு நாற்காலி போட்டார்கள். துணி காயப்போடும் கம்பியில் 'முதலாவது சான்றளிக்கப்பட்ட புறப்பாடு' என்று ஒரு பேனர் கட்டினார்கள். வீட்டுக்காரர்கள் அடுப்படி ஜன்னல் வழியாகக் கலந்துகொள்ளலாம் என்று அனுமதி தந்தார்கள்.

"இது அந்த முள்ளம்பன்றி இல்லையே சார்," என்றாள் காஜாக்காரி கம்பிக்குப் பின்னாலிருந்து.

"விலங்குல ஆள் பார்க்கக் கூடாதும்மா," என்று இயக்குநர் மைக் இல்லாமலே மைக்கில் பேசுவது போலப் பேச ஆரம்பித்தார். "அன்பானவர்களே. வந்தது ஒன்று, போவது ஒன்று என்று சிலர் சொல்லலாம். எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. வந்தது ஒன்று. போவதும் ஒன்று. நம் துறைக்கு விலங்குகள் மேல் உள்ள அக்கறை எல்லோருக்கும் தெரியும். இருபத்தாறு ஆண்டுகளில் ஒரு விலங்கைக்கூட நாம் பார்க்காமல் விட்டதில்லை, பார்த்ததும் இல்லை. தவறே நடக்காத ஒரு துறையை உருவாக்கியிருக்கிறோம். எதுவுமே நடக்காமல் அதை நாம் சாதித்திருக்கிறோம்."

எட்டுப் பேரும் கைதட்டினார்கள். சுவருக்கு மேலிருந்து டயர்கடைக்காரர் விசில் அடித்தார். அதை அவர்கள் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்கள்.

கூண்டைத் திறந்தார்கள். முள்ளம்பன்றி வெளியே வந்தது. பிறந்ததிலிருந்து கூண்டிலேயே இருந்தது போலிருக்கிறது. நாலு அடி நடந்துவிட்டு, அதற்கு மேல் கம்பி இல்லாததைப் பார்த்துத் திகைத்து நின்றது. பின்சந்துக் கதவை விரியத் திறந்து வைத்திருந்தார்கள். இயக்குநர் பேனாவின் மூடியைக் கழற்றிக்கொண்டு தயாராக நின்றார். அது கதவைப் பார்த்தது. இயக்குநரைப் பார்த்தது. பிறகு திரும்பிப் போய்க் குழாயடியில் சொட்டுகிற தண்ணீரைக் குடித்தது. பப்பாளி மரத்தடியில் சுருண்டு படுத்துத் தூங்கிவிட்டது.

கை தட்டினார்கள். தண்ணீர் தெளித்தார்கள். எழுந்திருக்கவில்லை. இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு இயக்குநர் பேனாவை மூடினார்.

"அது மனசளவுல தயாராகலை. நாம வற்புறுத்தக் கூடாது. இருப்பு தொடரட்டும்."

ஜீப் போய்விட்டது. பேனர் மட்டும் கம்பியில் இருந்தது. காவலர் பதிவேட்டைத் திறந்து, ஆறு நாளாக எழுதி வந்த வரியைப் பாதிவரை எழுதி, நிறுத்தி, அடித்துவிட்டு, 'விலங்கு தெரிகிறது' என்று எழுதினார்.

காஜாக்காரிக்குக் கோபம் வந்ததா என்றால், அதுவும் வரவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு எழுந்து, சோற்றைக் குழைய வடித்து, புருஷனுக்கு முகம் துடைத்துச் சட்டை மாட்டினாள். காஜா கிழிக்கிற பிளேடை எடுத்தாள். பின்கதவின் நாடாவை, அரக்குக்குப் பக்கத்தில், நூல் பிரியாமல் நேராக ஒரு கிழி கிழித்தாள். சட்டையில் கிழிப்பது போலத்தான் கிழித்தாள். கதவைத் திறந்து நாற்காலியைச் சரிவில் இறக்கினாள். ஜெயில் என்று ஒன்று இருப்பது நினைவுக்கு வந்தது. வந்துவிட்டு அதுவாகவே போனது.

காவலர் விருட்டென்று எழுந்தார். அவளைப் பார்த்தார். நாற்காலியில் இருந்த எலும்புக்கூட்டைப் பார்த்தார். தன் மடக்கு நாற்காலியை மடக்கிச் சுவரோரமாக வைத்தார். இவள் கண்டக்டரைப் பப்பாளி மரத்தடியில் நிறுத்தினாள். முள்ளம்பன்றி ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. வெயில் அவர் தலையில் விழுந்தது.

"வாழிடத்துக்குள்ள ஏதாவது வந்தா நான் வருகைப் பிரிவுக்குச் சொல்லணும்மா," என்றார் காவலர், மன்னிப்புக் கேட்பது போல.

"சொல்லுங்கண்ணே."

அதே காக்கிச் சட்டைக்காரர் வந்தார். அதே அட்டை, அதே இரண்டு பேனா. மரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"எத்தனை மணிக்கு வந்துச்சு?"

"ஏழு மணிக்கு சார்."

"தானா வந்துச்சா, யாராவது கொண்டு வந்தாங்களா?"

"நான்தான் சார் தள்ளிக்கிட்டு வந்தேன்."

"ஆணா, பெண்ணா?"

"ஆண்."

"வயசு, தோராயமா?"

"ஐம்பத்தொண்ணு."

அவர் புருவத்தை உயர்த்தினார். கட்டம் சின்னதாக இருந்ததால் நெருக்கி எழுதினார். "காயம் ஏதாவது?"

"வலது பக்கம் வராது."

"சத்தம் போடுமா?"

"முன்னாடியெல்லாம் பஸ்ஸு முழுக்கக் கேக்கும் சார். இப்ப இல்லை."

"மனுஷங்களைக் கண்டா மிரளுதா?"

"என்கிட்ட பழகினவரு. இருபத்தெட்டு வருஷமா. ஒரு தடவைதான் கையிலிருந்ததைப் பிடுங்கிட்டேன். அதுல இருந்து என்னைப் பார்க்கிறதில்லை."

"விலங்கைக்கூட மரியாதையாச் சொல்றீங்க. இந்த மாதிரி பொதுமக்கள் நிறைய பேர் கிடையாது." அவர் நெகிழ்ந்துபோய் அதையும் ஓரத்தில் குறித்துக்கொண்டார். "கடைசிக் கேள்வி. இரை எடுக்குதா?"

அவள் ஸ்பூனைக் கொண்டுபோனாள். கண்டக்டர் மரத்தடியில் சுருண்டிருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பூன் உதட்டில் பட்டதும் வாயைத் திறந்தார். மென்றார். விழுங்கினார். மறுபடி திறந்தார்.

"எடுக்கிறார் சார்," என்றாள்.

"அப்ப பிரச்சினை இல்லை. இந்த இடம் அதுக்கு ஒத்துக்கிச்சு. இனிமே யாரும் இதைத் தொந்தரவு பண்ணக் கூடாது. நீங்ககூட." மூன்று பிரதியிலும் அவள் கையெழுத்துப் போட்டாள். போகிற வழியில் கிழிந்த நாடாவைக் கடந்தார். அது பார்க்கிற விஷயம் என்பதால் ஒன்றும் சொல்லவில்லை. காவலர் பதிவேட்டில் இரண்டாவது விலங்குக்கு ஒரு கோடு போட்டார்.

பாத்திரம் காலியாயிற்று. பன்னிரண்டு நாளில் முதல் தடவை. ஒன்பது மணிக்கு வெயில் முழங்காலுக்கு வந்தது. காஜாக்காரி நாற்காலியின் பின்பக்கம் போய்ப் பிடியைப் பிடித்தாள்.

காவலர் தொண்டையைக் கனைத்தார்.

"அம்மா. உள்ளே கொண்டுபோனா அது புறப்பாடும்மா."

அவள் பிடியை விடவில்லை.

"இருப்பு பார்த்து, புறப்பாட்டுக் கையெழுத்து ஆகணும். நான் சட்டம் போடலை. எனக்கும் இது புடிக்கலை. ஆனா இப்ப அவர் நம்பர் ரெண்டு."

"வெயில் ஏறினா?"

"விலங்குக்கு நிழல் கட்டித் தரலாம். விதியில இருக்கு."

"மழை வந்தா?"

"அதுக்கும் இருக்கு. கூரை போடலாம். கூரை போட்டுட்டு, போட்டதுக்கு ஒரு படிவம் கொடுக்கணும்."

சுவருக்கு மேலே டயர்கடைக்காரரின் தலை தெரிந்தது. காஜாக்காரியின் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கிப்போய், கடையிலிருந்து ஒரு தார்ப்பாயைக் கொண்டுவந்து சுவருக்கு இந்தப் பக்கம் போட்டார். பழைய லாரி தார்ப்பாய். கிரீஸ் வாடை அடித்தது. காவலரும் அவளுமாக அதைப் பப்பாளி மரத்துக்கும் கம்பிக்கும் இழுத்துக் கட்டினார்கள். கட்டுவதற்குக் கயிறு போதாமல் பேனரைக் கிழித்து முறுக்கிக்கொண்டார்கள். கண்டக்டர் மேல் நிழல் விழுந்தது. அவர் தலையைத் தூக்கித் தார்ப்பாயைப் பார்த்தார். பிறகு, கொஞ்ச நேரம், அவளைப் பார்த்தார்.

காஜாக்காரி வீட்டுக்குள் போனாள். தலையணை, மாத்திரைச் சீட்டு, தண்ணீர்க் கூஜா, ஒரு போர்வை என்று ஒவ்வொன்றாகச் சரிவில் இறக்கினாள். கடைசியில் சட்டைக் கட்டையும் நூல் டப்பாவையும் எடுத்துக்கொண்டு வந்து, பின்கதவை வெளியிலிருந்து சாத்திவிட்டு, நாற்காலியின் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். ஒரு பக்கம் புருஷன், ஒரு பக்கம் முள்ளம்பன்றி. சட்டையை மடியில் விரித்துக்கொண்டாள்.

காவலர் பதிவேட்டில் புதுப் பக்கம் திருப்பினார். கொஞ்ச நேரம் பேனாவைப் பார்த்துக்கொண்டே நின்றார். கேட்காமல் இருந்துவிடலாமா என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது. இருபது வருஷ சர்வீஸ்.

"நீங்க எப்பம்மா வந்தீங்க?" என்று கேட்டார்.

காஜாக்காரி ஊசியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, நூலைக் கோத்து, முடிச்சுப் போட்டாள்.

"இப்பதான்," என்றாள்.